குழாய்க்கிணற்றுக் கடிதம்

செப்டெம்பர் 8, திங்கள் (2003)

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. மேசையை மூன்று தரம் துடைத்தும் புழுதி. காலையில் குடும்ப அட்டை இரண்டு, வதிவிட உறுதிக் கடிதம் ஒன்று, மாடு பயிரை மேய்ந்த முறைப்பாடு ஒன்று.

பதினொரு மணிக்குப் பிரதேச செயலகத்திலிருந்து கடிதம். தொண்ணூறில் இடம்பெயர்ந்து, இப்போது புத்தளத்திலிருந்து திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு மோட்டாருடன் ஒரு குழாய்க்கிணறு. இடம் எங்கள் ஊரின் தெற்கு மூலை, அரச காணி. கீழே கல்வெடிப்பில் தண்ணீர் ஓடுகிறதாம். கிராம சேவகர் நான் செய்ய வேண்டியவை:

1. கால் மைல் சுற்றுவட்டத்தில் உள்ள கிணறுகளின் பட்டியல், நீர்மட்டத்துடன்.
2. ஊராருக்கு ஆட்சேபனை இல்லை என்ற கடிதம், கையொப்பத்துடன்.

தவணை இரண்டு கிழமை.

இரண்டாவதை வாசித்ததும் தலையிடி. இந்த ஊரில் குழாய்க்கிணறு அடிக்கக்கூடாது என்பது கமக்காரர் சங்கத்தின் விதி. ஆவணி பிறந்தால் தண்ணீர் இறைக்கிற மிசின் ஒருநாள் விட்டு ஒருநாள்தான், அதுவும் இரண்டு மணித்தியாலம். தலைவர் நடராசா அண்ணை யாழ்ப்பாணக் குடாநாட்டில் தன் தகப்பனின் கிணறு உவராகிப் போனதைக் கண்ணால் கண்டவர். அந்தப் பயத்தில் எழுதிய விதிகள். தட்டச்சு செய்து கொடுத்தவள் நான்.

மாலை அக்கா வீட்டில் இடியப்பம். அத்தான் களைத்துப் போய் வந்தார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். கை கழுவப் போனார். அக்கா வீட்டு முன்னறையில் நான் குடியிருக்கத் தொடங்கி ஆறு வருடம். அத்தான் கதை குறைந்த மனிதர்தான்.

செப்டெம்பர் 10, புதன்

சங்கக் கொட்டிலில் கூட்டம். வந்தவர்கள் இருபத்தொரு பேர். அத்தான் வரவில்லை. வேலை என்று அக்கா சொன்னா.

நடராசா அண்ணை கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இது எங்களைக் கேக்கிற கடிதமில்லை. அடிக்கப்போறம், நீங்கள் ஓம் எண்டு எழுதித் தாங்கோ எண்ட கடிதம்."

"அந்தச் சனத்துக்கும் தண்ணி வேணுமே அண்ணை."

"ஆர் வேண்டாமெண்டது? பொதுக்கிணத்திலை அள்ளட்டும். மோட்டர் போட்டால் ஆர் நிப்பாட்டுறது? கொழும்பிலை இருந்து வந்து நிப்பாட்டுவினமோ?"

தீர்மானம்: ஆட்சேபனை உண்டு. எல்லோரும் கை உயர்த்தினார்கள். நான் உயர்த்தக்கூடாது. நான் அரசாங்க உத்தியோகத்தர்.

செப்டெம்பர் 11, வியாழன்

மீள்குடியேற்றத்துக்குப் போனேன். சைக்கிளில் கால் மணி. தகரக் கொட்டில்கள், நிழல் இல்லை. முப்பத்தாறு குடும்பம். ஹனீபா நானாதான் அங்கே பெரியவர். இடம்பெயர முன் இந்தப் பக்கம் நெல் வாங்கி விற்றவர். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு வந்து பார்த்தால் கடையின் அத்திவாரம் மட்டும்.

அவருடைய மருமகள் ரிசானா பொதுக்கிணற்றிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம், கையில் கான். ஏழு மாத வயிறு. காலை ஆறிலிருந்து ஏழு வரைதான் அவர்களுக்கு நேரம். அதுவும் சங்கத்தின் விதி. அதையும் நான்தான் தட்டச்சு செய்திருக்கிறேன்.

"ஏழு மணிக்கு வாளியைத் தூக்கிக் கட்டிருவாங்க மிஸ். எனக்கு முன்னால பத்துப் பேர் நிண்டாலும் சரிதான்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு வெயில் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

ஹனீபா நானா தேநீர் தந்தார். குடிக்க மனம் வரவில்லை. அந்தத் தண்ணீர் எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்று கண்டுவிட்டேன். குடிக்காவிட்டால் தப்பாக எடுப்பார்கள். குடித்தேன்.

"நானா, மோட்டர் போட்டால் ஊர்க் கிணறு எல்லாம் இறங்கும் எண்டு அவை பயப்பிடினம்."

"பயம் நியாயம்தான் மிஸ். நானும் இந்த மண்ணுலதான் பிறந்தவன், எனக்கும் தெரியும். ஆனா உங்கட சங்கத்துல எங்களுக்கு ஒரு கதிரை இல்ல. அரசாங்கத்திட்ட எங்கட பேர் போட்ட ஒரு பேப்பராவது இருக்கு."

கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

செப்டெம்பர் 13, சனி

கிணறு அளக்கிற வேலை. நாடா, கல் கட்டின கயிறு, கொப்பி. இன்று ஒன்பது கிணறு. எல்லாம் இறங்கித்தான் இருக்கிறது, ஆவணிக் கடைசியில் வழக்கம்தான். தெற்கு மூலைக் கிணறுகள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு ஆள் உயரம் கூட இறங்கியிருக்கின்றன. இரண்டு தரம் அளந்தேன். பிழை இல்லை.

மோட்டார் இன்னும் வரவேயில்லை. பிறகு ஏன்?

குதிக்கால் வெடிப்பு. வேப்பெண்ணெய் வாங்க வேண்டும்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன்.

மிச்சக் கிணறுகளுக்குப் போகிற வழியில் தெற்கு மூலையில், குளக்கட்டுக்கு அந்தப் பக்கம், அத்தானின் தென்னங்காணி. வெள்ளாமைக் காணி அல்ல, சமாதானம் வந்த பிறகு வாங்கினது. எண்பது கன்று வைத்திருக்கிறார். நிழலுக்கு ஒதுங்கினேன். கன்றுகளின் அடியில் மண் கறுப்பாக இருந்தது. செருப்பைக் கழற்றி மிதித்தேன். ஈரம். ஆவணி வெயிலில், கிணறே இல்லாத காணியில், ஈரம்.

கிடுகுக் கொட்டிலுக்குள் வைக்கோல். அதை விலக்கினால் நீலக் குழாய் நிலத்துக்குள் போகிறது. பக்கத்தில் ஜெனரேற்றர். நான் நின்றுகொண்டிருக்கையிலேயே அத்தான் வந்தார். என் கையில் நாடா. அவர் கையில் மண்ணெண்ணெய்க் கான்.

"போன வருசம் ஊரே கோயில் திருவிழாவுக்குப் போன ரெண்டு நாளிலை அடிச்சனான்," என்றார். நான் கேட்கவில்லை. "அரிசி மில் ஓடுற நேரந்தான் போடுறது. சத்தம் கேளாது."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

இரண்டு பேரும் நிலத்தில் இருந்தோம். பிறகு அவர் இவ்வளவு காலத்தில் என்னிடம் கதைக்காத அளவு கதைத்தார்.

"அஞ்சு தரம் விட்டிட்டு ஓடினனான். ஒவ்வொரு தரமும் மிளகாய், வெங்காயம். மூண்டு மாசப் பயிர். விட்டிட்டு ஓடலாம். இந்த முறைதான் தென்னை வைச்சனான். தென்னை வைக்கிறதெண்டால் இனி ஓடமாட்டன் எண்டு அர்த்தம். இதைக் காய விட்டால் நான் என்னத்தை நம்பினனான்?"

எழுந்து வந்துவிட்டேன். மூன்று கிணறு அளக்கவில்லை.

செப்டெம்பர் 15, திங்கள்

அலுவலகம். ஒரு வேலையும் ஓடவில்லை. சொல்லலாமா, யாரிடம் சொல்லலாம்? டி.எஸ்.ஸிடம் (பிரதேச செயலாளர்) சொன்னால், சங்கக்காரனே களவாக அடித்திருக்கிறான், இனி உங்கள் விதி எதற்கு என்பார். கிணறு துளைக்கிற லொறி அடுத்த நாளே வரும். சங்கத்திடம் சொன்னால் அத்தான் ஊரில் தலைநிமிர முடியாது. சொல்லாவிட்டால் ரிசானா ஏழு மணிக்கு வாளியைக் கட்டுகிற கிணற்றில் நிற்பாள், தென்னங்கன்றுகள் குடிக்கும்.

காலையில் அக்கா தேநீர் வைக்கவில்லை. நான் கண்டதை அத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

நடராசா அண்ணையிடம் சொன்னேன். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். கரைத்து முடித்துக் கையை உதறினார்.

"உன்ரை அத்தானோ?"

"ஓம் அண்ணை."

"எட்டுப் பேரிலை ஆரெண்டு கேட்டிருந்தால் ஏழு பேரைச் சந்தேகப்பட்டிருப்பன். அவனை இல்லை." பிறகு: "நான் மற்றவன்ரை மிசினிலை நேரம் பாத்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறன், விசரன் மாதிரி."

ஹனீபா நானா கதிரையைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அதற்கு அவர் முகம் இன்னும் கறுத்தது. வீடு வந்தேன். அக்கா குசினிக் கதவைச் சாத்தினா. இரவுக்குக் கடையில் பாணும் பருப்பும்.

செப்டெம்பர் 18, வியாழன்

நம்பவில்லை, ஆனால் நடந்தது. நடராசா அண்ணை சைக்கிளில் மீள்குடியேற்றத்துக்குப் போனார். ஹனீபா நானாவைக் கூட்டிக்கொண்டு நேரே அத்தானின் காணிக்கு வந்தார். என்னையும் அழைத்தார். சங்கத்தில் இன்னும் நாலு பேர்.

அத்தான் கொட்டில் வாசலில் நின்றார். ஓடி ஒளியவில்லை.

நடராசா அண்ணை அவரைத் திட்டவில்லை. குழாயைக் காட்டி ஹனீபா நானாவிடம் கதைத்தார். "துவாரம் ஏற்கெனவே இருக்கு. புதுசா ஒண்டு வேண்டாம். மோட்டரைக் கழட்டிப்போட்டு கைப்பம்பி பூட்டுவம். உங்கட ஆக்கள் நாள் முழுக்க அள்ளலாம். குடிக்க, சமைக்க, குளிக்க. பயிருக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை."

"ஏழு மணிக்கு வாளியைக் கட்டுறது?"

"கட்டமாட்டம்."

"அடுத்த வருசம் நீங்க கூடி இதை மாத்தினா நாங்க எங்க போறது?"

நடராசா அண்ணை சங்கக்காரர் நாலு பேரையும் பார்த்தார். "உங்கட பக்கத்திலை இருந்து ரெண்டு பேர் சங்கத்துக்கு வரட்டும். மாத்திறதெண்டால் அவையும் கை உயர்த்த வேணும்."

ஹனீபா நானா அத்தானைப் பார்த்தார். "தம்பி, காணி உங்கட. நீங்க என்ன சொல்றீங்க?" அன்று அத்தானிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"எடுங்கோ," என்றார் அத்தான்.

செப்டெம்பர் 19, வெள்ளி

உடன்பாட்டைத் தட்டச்சு செய்தேன். ஒரு பக்கம். கையொப்பங்கள்: ந. அண்ணை, ஹ. நானா, அத்தான்.

செப்டெம்பர் 22, திங்கள்

பிரதேச செயலகம். ஒன்றரை மணி காத்திருந்தேன். மின்விசிறி சத்தம் மட்டும், காற்று இல்லை. டி.எஸ். நல்ல மனிதர்தான், எனக்கு எப்போதும் கதிரை தருவார். உடன்பாட்டை வாசித்தார்.

"வடிவாத்தான் எழுதியிருக்கிறீங்கள் மிஸ். ஆனால் இதை நான் எங்கை கோவைப்படுத்திறது? சட்டத்திலை உங்கட சங்கத்துக்கு ஒரு வரி இல்லை. நிலத்துக்குக் கீழை கிடக்கிற தண்ணி அரசாங்கத்தின்ரை."

"அரசாங்கம் ஒரு நாளும் அந்தக் கிணறுகளை அளக்கேல்லை சேர். இப்பதான் முதல் தரம், அதுவும் நான்."

சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மேலை இருந்து வந்த திட்டம். மோட்டர்க் கிணறு எண்டு போட்டிருக்கு. கைப்பம்பி எண்டு மாத்த எனக்கும் அதிகாரம் இல்லை. வியாழக்கிழமை லொறி வரும். ஆட்சேபனை இல்லை எண்டு மட்டும் எழுதித் தாங்கோ."

எழுதவில்லை. கிணற்று அளவுகளைக் கொடுத்தேன், அத்தானின் கொட்டிலில் இருந்த குழாயையும் ஒளிக்காமல் எழுதி. உடன்பாட்டை அதனோடு குத்தினேன். "இதுதான் ஊரின் பதில்" என்று கீழே எழுதிக் கையொப்பம் வைத்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் பயம் வந்தது.

செப்டெம்பர் 25, வியாழன்

லொறி ஒன்பதுக்கு வந்தது. துளைக்கிற இயந்திரம், ஆறு ஆட்கள், ஒரு பொறியியலாளர். பாதையில் நடராசா அண்ணையின் ட்ரக்டர் குறுக்கே. பொலிஸ் வந்தால் யாரை அள்ளுவார்கள் என்று தெரியும்.

பொறியியலாளர் இறங்கி, "இது இவங்களுக்காகத்தானே அடிக்கிறம்? நீங்கள் ஏன் மறிக்கிறீங்கள்?" என்று கேட்டார். அப்போதுதான் ஹனீபா நானா ட்ரக்டருக்குப் பின்னாலிருந்து வந்தார். பின்னால் அவருடைய ஆட்கள், ரிசானாவும்.

"எங்களுக்காகத்தான் சேர். வேணாம் எண்டு நாங்கதான் சொல்றம். எங்களுக்குத் தண்ணி கிடைச்சிட்டு."

பொறியியலாளர் டி.எஸ்.ஸுக்குத் தொலைபேசி எடுக்கப் பட்டணத்துக்குப் போனார். இரண்டு மணித்தியாலம் எல்லோரும் வெயிலில். லொறிச் சாரதிக்கு ரிசானா தண்ணீர் கொடுத்தாள். பொறியியலாளர் திரும்பி வந்து, டி.எஸ். இப்போதைக்கு விடச் சொன்னதாகச் சொல்லி லொறியைத் திருப்ப வைத்தார். யாரும் கைதட்டவில்லை. எல்லோருக்கும் பசி.

செப்டெம்பர் 30, செவ்வாய்

கைப்பம்பி பூட்டியாயிற்று. முதல் நாள் துருத் தண்ணீர். இரண்டாம் நாள் தெளிந்தது.

அத்தான் காணியில் சுண்ணாம்பு வாளியோடு. எண்பது கன்றுக்கும் வாளியால் ஊற்ற ஏலாது. பொதுக்கிணற்றிலிருந்து சுமந்து முப்பதுக்கு ஊற்றலாமாம். ஊற்றப் போகிற கன்றுகளுக்குச் சுண்ணாம்புக் கோடு. ஒவ்வொன்றிலும் நின்று, பார்த்து, போடுகிறார். சில கன்றில் தூரிகையைக் கொண்டு போய்த் திரும்ப எடுத்துவிடுகிறார். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே போகவில்லை.

நான் செய்தது சரியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். அதனால் ஒன்றும் இலேசாகவில்லை. அடுத்த மாதம் இன்னும் பதினைந்து குடும்பம் வருகிறதாம். ஒரு கைப்பம்பி போதுமா?

ஒக்ரோபர் 3, வெள்ளி

இடமாற்றக் கடிதம். சேவையின் தேவை கருதி, ஓமந்தைப் பக்கம், திங்கள் முதல். டி.எஸ். அதைக் கையில் தந்து: "நான் செய்யேல்லை மிஸ், மேலை இருந்து வந்தது." நம்பினேன். நம்பாவிட்டாலும் அதே பஸ்தான்.

ஒப்படைக்க வேண்டியவை: முத்திரை 1, வாக்காளர் இடாப்பு 1, அலுமாரித் திறப்பு 2, கதிரை 3 (ஒன்று கால் உடைந்தது). கிணற்று அளவுக் கொப்பி பட்டியலில் இல்லை. அதை நடராசா அண்ணையிடம் கொடுத்தேன்.

"இனி ஆர் அளக்கிறது?" என்றார்.

"நீங்களும் நானாவும்."

"அந்தாள் நாடாவை ஒழுங்காப் பிடிக்குமோ தெரியாது."

அக்காவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகு ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பவும் புடைத்தா.

ஒக்ரோபர் 6, திங்கள்

வானம் கறுத்திருக்கிறது, மழை இல்லை. பெட்டி ஒன்று, பை ஒன்று. அக்கா வெளியே வரவில்லை. வாசலில் நின்று போயிட்டு வாறன் என்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும்.

குளக்கட்டால் நடந்தேன். அத்தானின் காணியில் கைப்பம்பிக்கு இன்றைக்கும் வரிசை. பத்துப் பன்னிரண்டு பேர், ஊர்ச் சனமும் அந்தச் சனமும். கடைசியில் அத்தான், ஒரு குடத்தோடு. எங்கள் வீட்டுக் கிணறு சேறாகிவிட்டது, நேற்றுத்தான்.

ரிசானா திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணன், உங்கட காணி, நீங்க முன்னுக்கு வாங்க," என்றாள்.

"வேண்டாம் பிள்ளை. நீங்கள் அடியுங்கோ."

அவள் கைப்பிடியை அழுத்த முடியாமல் நின்றாள், வயிறு இடித்தது. அத்தான் குடத்தை நிலத்தில் வைத்துவிட்டு வந்து அவளுக்கு அடித்துக் கொடுத்தார். பிறகு திரும்பப் போய்த் தன் இடத்தில் நின்றார். என்னைக் கண்டார். தலையை அசைத்தாரா, வியர்வையைத் துடைத்தாரா, தெரியவில்லை.

பஸ் வருகிறது.