தலைவரின் துண்டைத் துவைத்தவன்

அத்தா, நேற்று தஞ்சாவூரில் தலைவர்களின் பொருட்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கதர்ச் சட்டை. காலரில் வியர்வை மஞ்சள், பையோரம் வெற்றிலைக் கறை. எதையும் போக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

புயலுக்குப் பிறகு முத்துப்பேட்டைக்கு வந்த உங்கள் தலைவர் நம் வீட்டில் சாப்பிட்டார். பேனா கசிந்து விரலில் ஒட்டிய மையைத் தோள்துண்டில் துடைத்தார். துண்டை மறந்துவிட்டுப் போனார். திருப்பிக் கொடுக்க உங்களுக்கு மனசு வருமா? டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள். அம்மாவைக்கூடத் தொட விடவில்லை.

நான் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்த சமயம், அதை அருங்காட்சியகத்துக்கு வாங்கிப்போக அதிகாரிகள் வருவதாகக் கடிதம் வந்தது. மறுநாள் வருகிறார்கள். நீங்கள் பழைய கட்சிக்காரர்களுக்குச் சொல்லப் போயிருந்தீர்கள். பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை நாற்றம், மடிப்பெல்லாம் பழுப்பு, நடுவில் மை. இதை நாலு பேர் முன்னால் நீட்டினால் நம் வீட்டு மரியாதை என்ன ஆவது? ஆறு வருஷம் அரபிகளின் வெள்ளை அங்கிகளை வெளுத்த கை இது. பிளீச்சிங், நீலம், கஞ்சி, இஸ்திரி. பெருமையாக மடித்து உள்ளே வைத்தேன். மடையன்!

மறுநாள் பெட்டியைத் திறந்த உங்கள் கை அப்படியே நின்றது. என்னை ஒருமுறை பார்த்தீர்கள். அந்த மைக்கறையைத்தான் அடையாளமாக எழுதி அனுப்பியிருந்தீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்சிக்கரை போட்ட துண்டு கடைக்குக் கடை தொங்குகிறதே, மை இல்லாமல் இது தலைவருடையது என்று எதைக் காட்டுவது?

"ஐயா, நீங்க எழுதின மை எங்கங்க?" என்றார் அதிகாரி.

"நான்தான் துவைச்சேன் சார். அழுக்கா இருந்துச்சு" என்றீர்கள் நீங்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுத் துண்டை வாங்காமலே போனார்கள். நான் ஷார்ஜாவுக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து நீங்கள் கண்மூடும்வரை டீக்கடையில் உங்களைக் கேலி செய்தார்கள். நீங்களும் கூடவே சிரித்தீர்களாம். ஒவ்வொரு லீவிலும் அதைக் கேட்டுக்கொண்டு கோழையாக உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை அதே கடைக்குப் போனேன். உங்கள் கூட்டாளிகளில் இருவர் மட்டும் இருந்தார்கள். துவைத்தது நான்தான் என்று சொன்னேன்.

அவர்களில் பெரியவர் கிளாஸைக் கீழே வைத்தார். "தெரியும் தம்பி. உங்கத்தா என்னைக்கு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டாரு? அன்னைக்கே எங்க கையப் புடிச்சுக்கிட்டு சொன்னாரு, 'சிரிக்கிறதா இருந்தா என்னைப் பார்த்துச் சிரிங்க, புள்ள லீவுல வந்திருக்கான்'னு."

அத்தா, உங்களைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.