சாம்பல் மேட்டின் கிழக்குப் பகுதியைப் பள்ளத்தில் புதைக்காதிருக்க ஒரு மனு

அனுப்புநர்
வேதியியல் விரிவுரையாளர்,
கனிம மீட்பு ஆய்வகம், பல்கலைக்கழகம்.

பெறுநர்
மாவட்ட நிர்வாக அதிகாரி அவர்கள்.

பொருள்: மின்நிலையச் சாம்பலைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு மாற்றக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மூடப்பட்ட மின்நிலையத்தின் பின்னாலுள்ள சாம்பல் மேட்டை நானும் என் மாணவிகளும் சில ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறோம். அதன் கிழக்குப் பகுதிச் சாம்பலில், மோட்டார்க் காந்தங்களுக்குத் தேவையான அருமண் உலோகங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தெடுத்தும் காட்டிவிட்டோம். பயன்படுத்திய அமிலத்தையே திரும்பப் பயன்படுத்தும் முறையும் கைகூடிவிட்டது. இதே உலோகங்களை இன்று கப்பலில் வரவழைக்கிறோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம்.

2. சென்ற வாரம் முதல் ஒப்பந்ததாரரின் லாரிகள் அந்தச் சாம்பலை அள்ளி, விளையாட்டுத் திடலின் பள்ளத்தில் கொட்டுகின்றன. மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் அது போனது போனதுதான். நேரில் சென்று தடுத்தேன். மேற்பார்வையாளர், "சாம்பலைப் போய் யாராவது சொந்தம் கொண்டாடுவாங்களா மேடம்?" என்று சிரித்தார்.

3. மேட்டை அகற்றச் சொல்லித் தங்களிடம் முதலில் மனு கொடுத்தவர் என் நாத்தனார். மேட்டை ஒட்டிய தெருவில் தையல்கடை வைத்திருக்கிறார். வெள்ளைத் துணியைத் தைத்து மடிப்பதற்குள் அதில் சாம்பல் படிந்துவிடும். அவர் மகளுக்கு இருமல் ஓய்ந்தபாடில்லை. நான் லாரிகளைத் தடுத்த செய்தி கேட்டு வீட்டுக்கே வந்தார். "அண்ணி, உங்க புதையல் எங்க சோத்துல விழுது. அதையும் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணுங்க" என்றார்.

4. மறுநாள் அவரை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றேன். சாம்பலிலிருந்து பிரித்தெடுத்து, கண்ணாடிக் குடுவையின் அடியில் படிந்திருந்த இளஞ்சிவப்புத் தூளை வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு மதிப்பு இருக்குன்னா வெச்சுக்குங்க. ஆனா எங்க தெருவுல வேணாம்" என்றார். அதைவிடத் தெளிவான தீர்வு எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

5. ஆகவே, கிழக்குப் பகுதிச் சாம்பல் முழுவதையும் பல்கலைக்கழகத்தின் கூரையிட்ட பழைய பணிமனைக்கு மாற்ற ஆணையிட வேண்டுகிறோம். துணைவேந்தரின் ஒப்புதலை இணைத்துள்ளோம். சாம்பலை நன்றாக நனைத்து, தார்ப்பாய் மூடிய பிறகே எந்த லாரியும் தெருவைக் கடக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை என் நாத்தனாருடையது. அதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை.

திங்கட்கிழமை லாரிகள் மீண்டும் வரும். தங்கள் ஆணை அதற்கு முன்பே வந்துவிடும் என்று நம்புகிறோம். ஓட்டுநர்களுக்குப் புது வழியைக் காட்ட நாங்கள் இருவரும் மின்நிலைய வாசலில் நிற்போம்.

நாள்: மார்ச் 12
இடம்: பல்கலைக்கழக வளாகம்

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) விரிவுரையாளர்
(ஒப்பம்) தையல்கடை உரிமையாளர், முந்தைய மனுதாரர்