அப்பா பண்ணையை எழுதிக் கொடுக்காத குளிர்காலம்

1955 நவம்பர் 6, ஞாயிறு

நகரத்திலிருந்து பேருந்து பிடித்து அப்பாவின் பண்ணை வீட்டுக்குப் போய்வந்தேன். அப்பாவுக்கு எழுபத்தைந்து. தம்பி ஆல்பினுக்கு நாற்பத்து மூன்று. அங்கே அவன் இன்னும் "பையன்". பண்ணை அவன் பெயருக்கு வரும்வரை கல்யாணம் கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு எஜமானிதான் என்பது இந்தப் பள்ளத்தாக்கின் ஞானம். அம்மா போய் ஒன்பது வருடமாகிறது. அந்த ஒருத்தியும் இல்லை.

"நிலத்தைத் துண்டு போடக் கூடாது" என்பார் அப்பா, வேதவாக்கு மாதிரி. சரி. ஒருவனுக்கு முழுவதும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. காசியான் சித்தப்பா அந்த மற்றவர்களில் ஒருவர். சின்ன வயதிலிருந்து அண்ணனின் தொழுவத்தில், சம்பளமில்லாமல். என் பங்குக்குப் படிப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை அதை நஷ்டக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

நவம்பர் 27

ஆல்பினுக்காகக் காத்திருக்கும் ஒட்டீலியா கெடு வைத்துவிட்டாள். பக்கத்துப் பண்ணையில் பால் கறக்கிறவள். பிப்ரவரி மெழுகுவர்த்தித் திருநாளன்றுதான் இங்கே வேலையாட்கள் இடம் மாறுவார்கள். அதற்குள் அப்பா எழுதிக் கொடுக்காவிட்டால் நகரத்து ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போய்விடுவாளாம்.

"முப்பத்தெட்டாச்சு ஆல்பின். இன்னும் உங்கப்பா எப்ப சாவாருன்னு ஜெபம் பண்ணிக்கிட்டே இருக்கவா? எனக்குத்தானே பாவம்!"

டிசம்பர் 26

அப்பா சம்மதித்துவிட்டார். நிபந்தனைகளோடு. பின்கட்டு அறை. கறந்த சூட்டோடு பால். வாசல் பேரிக்காய் மரம் முழுவதும் அவருக்கே. கணப்பு ஓரத்து பெஞ்சில் உட்கார உரிமை. சமையலறை வழியாக நடக்க உரிமை! சொந்த மகனிடம், பத்திரத்தில்.

"நடக்கக் கூடாதுன்னு யாருப்பா சொல்லப்போறாங்க?" என்றேன்.

"உன் தாத்தாவை நான் விடலையே," என்றார். கொஞ்சமும் கூசவில்லை.

ஜனவரி 15, ஞாயிறு

நாளை நோட்டரியிடம் கையெழுத்து என்று இருந்தது. இனி இல்லை.

எழுதவே எரிச்சலாக இருக்கிறது. மதியம் களி. வாணலியை நடுவில் வைத்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுகிற வீடு. எஜமான் கரண்டி போட்ட பிறகுதான் மற்றவர் கை நீளும். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் எல்லோரும் வைத்தாக வேண்டும். ஆல்பின் ஒட்டீலியா சொன்ன ஏதோ வேடிக்கையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வாணலியில் கரண்டியைப் போட்டுவிட்டான். அப்பா போடுவதற்கு முன்னால்.

அப்பா தன் கரண்டியை மேஜைத் துணியில் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். காசியான் சித்தப்பாவும் வைத்தார், பசியோடு, பழகிய நாய் மாதிரி. நானும் வைத்தேன். முனைவர் பட்டம் வாங்கிய கை. ஏன் வைத்தேன்?

"நாளைக்கு வரைக்கும் பொறுக்கல, இல்ல?"

"அப்பா, தெரியாம—"

"காலைல வண்டி பூட்ட வேணாம்."

ஒரு வாய்க் களி. அதுக்குப் போய்... சீ. இதுக்குப் பேரு குடும்பமாம், பாரம்பரியமாம்.

பிப்ரவரி 2

மெழுகுவர்த்தித் திருநாள். மாலையில் கதவு தட்டும் சத்தம். ஒட்டீலியா, தகரப் பெட்டியோடு. பின்னால் ஆல்பின். வழியனுப்ப வந்தவன் தானும் பேருந்தில் ஏறிவிட்டானாம், பெட்டி இல்லாமல், சாணி ஒட்டிய பூட்ஸோடு.

"அக்கா, உன் தரையைப் பாழாக்கிட்டேன்."

பிப்ரவரி 19

ஆல்பினைத் திரும்பக் கூப்பிட அப்பா ஆள் அனுப்பவில்லை.

மார்ச் 11

ஆல்பினுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது. சரக்கு ஏற்றி இறக்க வேண்டும். ஈஸ்டர் கழிந்து கல்யாணம். அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"எந்தப் பண்ணைக்கு அவ மருமகளா வர்றா?"

"எந்தப் பண்ணைக்கும் இல்லப்பா. வாடகை வீடு."

"பண்ணை இல்லாதவனுக்கு எதுக்குக் கல்யாணம்?" நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

ஏப்ரல் 15

கல்யாணம் நேற்று. காசியான் சித்தப்பா மட்டும் வந்தார், மாடு கறக்க நேரமாகிறது என்று பாதியில் எழுந்து போனார்.

மே 13, ஞாயிறு

அப்பா பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். யாரோ அந்நியன். அவனிடம் அப்பா கேட்டது தனக்கும் காசியான் சித்தப்பாவுக்கும் ஒரே ஒரு அறை. மகனிடம் பேசிய பேரத்தில் ஒரு வரிகூட அவனிடம் பேசவில்லை.

சாயங்காலம் ஆல்பின் வீட்டில் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சிவப்பி கன்னு போட்டுச்சா, அக்கா?"

"தெரியல. தொழுவத்துப் பக்கம் போகல."

தட்டைத் தள்ளினான். "அவ்வளவு தூரம் போயிட்டு எட்டிக்கூடப் பாக்கலயா? என்ன மனுஷி நீ?"

ஒட்டீலியா அவன் முதுகில் கை வைத்தாள். அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.