கூப்பிட்டால்தான் வரலாம்

09.03.1986, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: "இவரை எனக்குத் தெரியும். உள்ளுக்கு வரச்சொல்லுங்கோ."

ஜேர்மனிக்குப் போகுமுன் அரியாலை வீட்டில் ஒரு படம் போடவேண்டும் என்று அண்ணை டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குச் சொல்லியிருந்தார். குருநகரிலிருந்து சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தது வின்சன்ற். ரியூட்டரி வகுப்பில் எனக்கு இரண்டு வாங்கு பின்னால் இருப்பவன். ஒரு வருடமாக என்னோடு நாவல்கள் மாற்றிக்கொள்பவன். நாவல்கள் மட்டும்தானா?

அவனைப்போலக் கடற்றொழில் செய்கிற சாதி என்றால் எங்கள் வீட்டில் வாசற்படி தாண்டவிடுவதில்லை. அண்ணையே பெட்டியை உள்ளே தூக்கிப் போனார். எந்த வயரை எங்கே கொழுவுவது என்று அவன் யன்னலுக்கு வெளியே நின்று சொன்னான். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தா, அப்படி வருபவர்களுக்கென்று கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருக்கும் தனித் தகரப் பேணியில்.

படம், இரத்தம் குடித்து உயிர் வாழும் ஒரு இளைஞனைப் பற்றியது. பனி பெய்கிற ஏதோ ஒரு ஊர். பேக்கரியில் வேலை செய்யும் பெண்ணை விரும்புகிறான். வீட்டுக்காரர் கூப்பிடாமல் அவனால் எந்த வாசலையும் தாண்டமுடியாது. பூரணம் மாமி, "உவனுக்கு நெத்தியிலை கொஞ்சம் திருநீறு பூசிவிட்டால் சரி" என்றா. எல்லோரும் சிரித்தோம். கடைசியில் அந்தப் பெண், அவன் யாரென்று தெரிந்தும், கதவைத் திறந்து உள்ளே வா என்றாள்.

அவன் நின்று படம் பார்த்துக்கொண்டிருந்த யன்னல் பக்கம் நான் பார்க்கவில்லை.

10.03.1986

ரியூட்டரியில் அவன் ஒன்றும் கேட்கவில்லை. வழமைபோல ஒரு நாவல் தந்தான். கேட்டிருக்கலாம்.

12.03.1986

ஒரு சொல். அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

23.03.1986, ஞாயிறு



அண்ணை திரும்பவும் படம் எடுப்பித்தார். வின்சன்ற் படலையடியில் சைக்கிளை நிறுத்தும்போது ஆமியின் ஹெலிகொப்டர் வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் பின்வளவில் வெட்டி மூடிய பங்கர் குழிக்குள் ஓடினோம். பங்கர் வாசலில் திரும்பிப் பார்த்தேன். டிவிப் பெட்டியை அணைத்துக்கொண்டு அவன் அங்கேயே நின்றான். என்னைத்தான் பார்த்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். ஐயோ, நான் ஏன் அப்பாவைப் பார்த்தனான்? ஒரு வாங்கோ சொல்ல வாய் வரேல்லையே எனக்கு.

ஹெலி சுடுவது ஓய்ந்ததும் ஓடினேன். பூவரசு வேலிக்குக் கீழே கிடந்தான். வலக்கை முழுக்க இரத்தம். நான் துணி கட்டும்போது சிரிக்கப் பார்த்தான்.

"உம்மடை படத்திலை வாற ஆள் மாதிரித்தான் நானும். கூப்பிட்டால்தானே வரலாம்."

ஆஸ்பத்திரிக்கு அப்பாவே கார் பிடித்துக் கொண்டுபோனார். திரும்பி வந்து கிணற்றடியில் கை கழுவினார். பிறகு சொன்னார்: "பெடியன் பங்கருக்கை ஓடி வந்திருக்கலாமே. ஆர் மறிச்சது?"

அவர் உண்மையாகவேதான் கேட்டார்.

02.04.1986

ரியூட்டரியில் அவன் வாங்கு வெறுமையாக இருக்கிறது. விரல்கள் மடங்குதில்லையாம் என்று அவன் தங்கை மக்டலீன் சொன்னாள்.

17.04.1986, வியாழன்

காலையில் படலையடியில் நாய் கனநேரம் குரைத்தது. எழுந்து பார்க்கப் பஞ்சி, படுத்தபடியே கிடந்தேன். அவன் தந்த நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். முடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். எல்லாம் சொல்லுவேன். அப்பாவுக்கும் சொல்லுவேன்.

20.04.1986, ஞாயிறு

குருநகர் போனேன். படலைக்கு வெளியே நாவலோடு நின்றேன். அவனுடைய தாய் மரியநாயகி அம்மா மீன் வெட்டின கையோடு எட்டிப் பார்த்தா.

"ஏன் பிள்ளை வெளியிலை நிக்கிறீர்? உள்ளுக்கு வாரும்."

அவ்வளவுதான். யார், எவர் என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய் இருந்தேன். அவவும் நானும் ஒரே மாதிரிப் பேணியில் தேத்தண்ணீர் குடித்தோம். பிறகுதான் என் பெயரைக் கேட்டா. சொன்னதும் முகம் மலர்ந்தது.

"நீரே அது! பயணம் வெளிக்கிட முதல், அரியாலைக்குப் போய் உம்மிட்டைச் சொல்லிப்போட்டு வாறன் எண்டு விடியவெள்ளனப் போனவன். கண்டனீர்தானே?"

"ஓம்" என்றேன்.

அது வியாழக்கிழமை, நாய் குரைத்த காலை. அன்று பின்னேரமே வின்சன்ற் இந்தியாவுக்கு வள்ளம் ஏறிவிட்டான்.