இன்னும் ஒட்டி வா

1944, கார்த்திகை 9.

விடுப்பில் வந்த நான் இன்று ஓடைப்பட்டிக்குப் போய் முத்தையாவின் பெற்றோரைப் பார்த்தேன். போன மாதம் அணிவகுத்துப் பறக்கும்போது என் விமானத்தின் இறக்கையில் உரசி விழுந்து செத்தவன் அவன். மேகத்துக்குள் அவன் சற்று விலகியே வந்தான். முன்னால் பறந்த நான்தான் ரேடியோவில், "ஏலே பயந்தாங்கொள்ளி, இன்னும் ஒட்டி வாடா," என்று திட்டினேன். வந்தான்.

"அம்புட்டுக் கிட்டக்க வரச் சொல்லி யாருய்யா சொன்னாக?" என்று அவன் அம்மா கேட்டார்.

"யாரும் சொல்லல ஆத்தா. அவனாத்தான் வந்தான்."

அவன் அப்பா வாசலில் காறித் துப்பினார். "சொன்ன பேச்சு கேக்காத பய. சாவுலயும் அப்படித்தான்."

அம்மா எனக்கு இலை போட்டார். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது முறையும் சோறு வாங்கிக்கொண்டேன்.