அன்னாசி டின்னும் கொய்னா மாத்திரையும்

12 ஜூன் 1911
குளிர்காய்ச்சல் விட்டது. கொய்னா மாத்திரை காப்பாற்றிவிட்டது. ஆனால் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரே இரைச்சல். சனியன்.

14 ஜூன்
அன்னாசி ஆலையில் கம்பெனிக்கு நூறு பெட்டி வாங்கப் போனேன். அத்தனையும் யார் தட்டுவது? ஏதாவது ஐந்து பெட்டியைப் பிரித்து, டின்களைக் குச்சியால் தட்டுவேன். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் கெட்டது. இரண்டு கெட்டால் நூறும் திரும்பும். இன்று ஒன்றுகூடக் கணீரென்னவில்லை. எல்லாவற்றையும் திருப்பிவிட்டேன்.

15 ஜூன்
ஆலை முதலாளிச் சீனர் நான் பொத்தென்று ஒதுக்கிய டின்களை என் கண்ணெதிரே வெட்டித் திறந்தார். எல்லாம் தங்கமான பழம்! எங்கள் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி நெய்னா முகம்மது காக்கா என்னைத் தனியே இழுத்துப்போனார். "யாக்கூப், இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா துரை வேற ஆளப் போட்டுருவாரு."

என் மனைவி ஜைனப் நாகப்பட்டினத்தில் கப்பலேறப் போகிறாள். மூன்று வருஷம் காத்திருந்து வருகிறவள் வேலையில்லாதவனிடமா வந்து இறங்குவாள்? யா அல்லாஹ், நான் என்ன செய்ய?

16 ஜூன்
இரைச்சல் மாத்திரையால்தானாம். நிறுத்தினால் காது திரும்புமாம், காய்ச்சலும் திரும்புமாம். மருந்துக்கடைக்காரர் சொல்கிறார். இது ஒரு மருந்தா? நிறுத்திவிட்டேன்.

20 ஜூன்
வண்டு போச்சு! சிராங்கூன் ரோட்டு மாட்டுவண்டிச் சலங்கை அறைக்குள்ளேயே கேட்கிறது.

22 ஜூன்
கணீர், கணீர் — நடுவே மூன்று பொத். திறந்தால் மூன்றும் நாற்றம். நூறையும் முதலாளியே திருப்பி எடுத்துக்கொண்டார். ஆனால் உச்சிவெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

25 ஜூன்
காய்ச்சல் திரும்பிவிட்டது. குச்சி கையில் நிற்கவில்லை. ஆலையிலேயே விழுந்துவிட்டேன். வேற ஆள் போட்டுட்டாங்க. எல்லாம் போச்சு. அவ வர்றதுக்குள்ள செத்துருவேனோ?

28 ஜூன்
ஜைனபை அழைத்துவரக் கப்பலடிக்குக் காக்காதான் போனார். வழியிலேயே என் காய்ச்சலைச் சொல்லி, மாத்திரையும் வாங்கிக் கொடுத்துவிட்டார் போல.

"ஏங்க, இப்படியா கெடக்குறீங்க!" வாசலில் நின்று அவள் சொன்னது ஒரு எழுத்து விடாமல் கேட்டது. வேலை போனதைச் சொன்னேன். "வேலை கெடக்கட்டும். வாயத் தொறங்க" என்று மாத்திரையை நீட்டினாள்.

"இதத் தின்னா உன் பேச்சு காதுல விழாது, ஜைனப்."

"விழாட்டி போவுது. நீங்க இருந்தா போதும்."

விழுங்கிவிட்டேன். கஞ்சி வைத்துக்கொண்டே ஊர்க்கதை சொல்கிறாள். வண்டு இன்னும் வரவில்லை. நிறுத்தாதே, பேசிக்கொண்டே இரு என்று சொல்லியிருக்கிறேன்.