வலி தாடை மூட்டில், பிடுங்கியது பல்லை

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். ஸ்ரீரங்கத்திலிருந்து காட்டூர் பள்ளிக்கூடம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். மூன்றாம் பீரியட், பத்தாம் வகுப்பு, கணக்கு. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே இடது தாடையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அதன்பின் வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பேச்சு குழறியது. யாரோ சிரித்தார்கள். மீதி வகுப்பு முழுக்க போர்டில் எழுதியே.

போன மாதம்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார் பல் டாக்டர். பல் போயிற்று. வலி போகவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அதே டாக்டர். “பக்கத்துப் பல்லையும் எடுத்துப் பார்த்துடலாம்” என்கிறார். எடுத்துப் பார்ப்பதா! தாடையில் வரும் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். “டென்ஷனைக் குறைங்க டீச்சர். கொஞ்சம் பேச்சையும்.”

வீட்டுக்காரர் போனில் தன் தங்கையிடம், “டாக்டரே பேச்சைக் குறைக்கச் சொல்லிட்டாரு, எனக்கு நிம்மதி!” பலத்த சிரிப்பு. ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வாய் திறக்கவில்லை. ஆத்திரத்தில் அழுகை.

ஜூன் 12, வியாழன்

அரை நாள் லீவு. தில்லைநகரில் வேறொரு டாக்டர். “ஆபரேஷன் பண்ணிடலாம். தேதி போட்டுக்கலாமா?” தாடையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

அரசு ஆஸ்பத்திரி. இரண்டு மணி நேர வரிசை. சின்ன வயசு டாக்டரம்மா. இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்து, “மெதுவா திறங்க, மூடுங்க.” வாய் திறக்கும் அளவை ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.

“தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?”

இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. கடிப்பேன், பல வருஷமாக.

“தாடை மூட்டும் தசையும்தாங்க பிரச்சினை.”

சொன்னவை: வெந்நீர் ஒத்தடம். மென்மையான சாப்பாடு. கொட்டாவி வந்தால் மோவாயைத் தாங்கிக்கொள்வது. வாய்ப் பயிற்சி. வலி மாத்திரை, ஒரு வாரம் மட்டும். தூங்கும்போது பல்லுக்கு மேல் மாட்ட ஓர் உறை, அளவெடுத்தாயிற்று.

“ஆபரேஷன்?”

“நிறையப் பேருக்குத் தேவையே படாதுங்க. அது கடைசில யோசிக்கிறது.”

பல் பிடுங்குமுன் எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டினேன். வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். “அந்தப் பல்லுல சொத்தை எதுவும் தெரியலைங்க.”

பஸ் காவிரிப் பாலம் தாண்டும்வரை அந்த எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 21, சனி

வாய் இப்போது இரண்டு விரல் திறக்கிறது. கேள்வி கேட்க அது போதும்.

பல் டாக்டர் கிளினிக். அவர் அறைக் கதவு திறந்தே இருந்தது, பேசுவது வெளியே பெஞ்ச் வரை கேட்கும். எக்ஸ்ரேயை மேசையில் வைத்தேன்.

“நல்ல பல்லை ஏன் பிடுங்கினீங்க?”

“நீங்கதானேம்மா அங்க வலிக்குதுன்னீங்க?”

“வலிக்கிற இடத்தைத்தான் நான் சொன்னேன். காரணத்தை நீங்கதானே கண்டுபிடிக்கணும்?”

மருந்துச் சீட்டுகளை அடுக்கினார். மன்னிப்பு? ம்ஹூம்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண், கன்னத்தைப் பிடித்தபடி. துறையூரிலிருந்து வந்தவராம். “எனக்கும் டக்கு டக்குன்னு சத்தம் வருதுங்க. இன்னைக்குப் பல்லு எடுக்கணும்னு வரச் சொன்னாரு.”

அரசு ஆஸ்பத்திரியில் எந்த அறை, என்ன கிழமை என்று எழுதிக் கொடுத்தேன். உள்ளிருந்து அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு என்னோடு படியிறங்கிவிட்டார்.